அமாவாசை விரதமும் ஒன்றுகூடல் விருந்தும்: தமிழ், சீனக் குடும்பத்துக்கான சமையல் திட்டம்

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி தை அமாவாசை. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் சீனக் குடும்பங்கள் கூடி உண்ணும் ஒன்றுகூடல் விருந்தும் அன்றைக்கே வந்தது. சிங்கப்பூரில் வீவக எனப்படும் அரசாங்க அடுக்குமாடி வீடு ஒன்றில் வாழும் எங்கள் குடும்பத்தில் என் தாயார் அமாவாசைக்கு வெங்காயமும் பூண்டும் தொடாதவர். காண்டனீஸ் வழி வந்த என் மாமியாரோ முழுக் கோழியும் முழு மீனும் மேசையில் இல்லாமல் ஆண்டு முடிவதை ஏற்காதவர். இருவரையும் ஒரே மேசையில் அமர்த்தி, இருவருக்கும் மனம் கோணாமல் பரிமாறுவது எப்படி என்பதைச் சில ஆண்டுகள் தடுமாறித்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். அதே நிலையில் உள்ள மற்றக் குடும்பங்களுக்காக எங்கள் முறையை இங்கு எழுதுகிறேன்.

இந்த இரண்டு நாள்களும் அடுத்தடுத்து வருவது தற்செயல் அன்று. சீன நாள்காட்டியில் மாதம் அமாவாசையன்று தொடங்குகிறது. புத்தாண்டு ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும் அமாவாசையில் அமைகிறது. நம்முடைய தை மாதம் ஜனவரி நடுவில் தொடங்கிப் பிப்ரவரி நடுவில் முடிவதால், பெரும்பாலான ஆண்டுகளில் சீனப் புத்தாண்டும் தை அமாவாசையும் ஒரே நாளிலோ ஒரு நாள் முன்பின்னாகவோ வருகின்றன; சில ஆண்டுகளில் மட்டும் அது மாசி அமாவாசையாகிவிடும். 2025இல் ஜனவரி 29ஆம் தேதி இரண்டும் சரியாக ஒன்றாகவே வந்தன. ஆகவே இதற்கென ஒரு நிலையான திட்டம் வைத்துக்கொள்வது வீண்போகாது. முதல் வேலையாக, பஞ்சாங்கத்தைப் பார்த்து விருந்து நாளில் அமாவாசை இருக்கிறதா, மறுநாள் வருகிறதா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்தியாவில் அச்சான நாள்காட்டியில் உள்ள நேரத்துடன் இரண்டரை மணி நேரத்தைக் கூட்டினால்தான் சிங்கப்பூர் நேரம் கிடைக்கும். இதை மறந்து திதி தொடங்கும் வேளையைத் தவறாகக் கணக்கிட்டவர்கள் உண்டு. அமாவாசை மறுநாள்தான் என்றால் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

உணவுப் பட்டியலை எழுதுவதற்கு முன்பு இரு பக்கத்துப் பெரியவர்களிடமும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எது இல்லாவிட்டால் அது விருந்தே ஆகாது? எது இருந்தால் அவர்கள் கை வைக்க மாட்டார்கள்? இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் வியப்பளிக்கும். என் மாமியார் மாட்டிறைச்சி உண்பதில்லை என்பது எனக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. குவான் யின் அம்மனை வணங்கும் சீனர்கள் பலர் மாட்டிறைச்சியை விலக்குகிறார்கள். அதுபோலவே, பௌத்த சைவ உணவு உண்ணும் சீனர்களும் வெங்காயம், பூண்டு, லீக்ஸ் ஆகியவற்றைச் சேர்ப்பதில்லை. நம் வீட்டு விரதச் சமையலும் அவர்களுடைய சைவச் சமையலும் இந்த ஒரு விதியில் ஒத்துப்போவதுதான் முழுத் திட்டத்துக்கும் அடித்தளம். புத்தாண்டின் முதல் நாளில் சைவம் உண்ணும் வழக்கமும் சீனர்கள் பலரிடம் இருப்பதால், விரத உணவு அவர்களுக்குப் புதிராகத் தோன்றுவதில்லை.

முதல் கேள்விக்கான பதிலைக் கேட்கும்போது, அந்த உணவு ஏன் கட்டாயம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதை அந்தக் காரணம்தான் முடிவுசெய்யும். சீன விருந்தில் பல உணவுகள் பெயரின் ஒலிக்காக இடம்பெறுகின்றன. மீனைக் குறிக்கும் ‘யூ’ என்னும் சொல்லும் மிகுதியைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலி உடையவை; கீரைபோல் சமைக்கும் ‘சாங் சோய்’ எனப்படும் இலைக்கோசின் (லெட்டூஸ்) பெயர் காண்டனீஸ் மொழியில் செல்வம் வளர்வதைக் குறிக்கும் சொல்போல் ஒலிக்கிறது. ஒலிக்காக வைக்கும் மீனின் இடத்தில் பனீர் வைத்தால் பொருளே போய்விடும். கோழி முழுதாக இருக்க வேண்டும் என்பது குடும்பம் குறைவின்றி ஒன்றாக இருப்பதற்கான அடையாளம். ஆகவே அதைத் துண்டு போட்டுக் குழம்பாக்குவது எவ்வளவு சுவையானாலும் அந்த இரவுக்குப் பொருந்தாது. நம் பக்கத்தில் வடை, பாயசம், வாழைக்காய் ஆகியவை முன்னோருக்குப் படைப்பதால் இடம்பெறுகின்றன. அவற்றைப் படைக்கும்வரை யாரும் சுவைத்துப் பார்க்கக் கூடாது என்பதே முக்கியம், எந்தத் தட்டில் எந்த அழகில் வைக்கிறோம் என்பது முக்கியமன்று.

இதிலிருந்து எங்களுக்குக் கிடைத்த முடிவு ஒன்றுதான். இரண்டு சமையலையும் ஒரே பாத்திரத்தில் கலப்பதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுங்கள். ஒரு முறை ஸ்டீம்போட் எனப்படும் கொதிபானையின் ஒரு பாதியில் சூப்புக்குப் பதிலாக மிளகு ரசத்தை ஊற்றிப் பார்த்தோம். ரசம் நுரை கட்டியதும் இறக்க வேண்டியது. அரை மணி நேரம் கொதித்ததில் அது கசந்து, அதில் வெந்த காளானும் கசந்தது. அதே ரசத்தைப் பூண்டில்லாமல் வைத்து, சீனத் தேநீர்க் கிண்ணங்களில் சூடாக ஊற்றித் தொடக்கத்திலேயே கொடுத்தபோது என் மாமனார் மூன்று கிண்ணம் வாங்கிக் குடித்தார்.

பட்டியல்

பன்னிரண்டு பேருக்கு எட்டு உணவுகள் போதும். எட்டு என்பது சீனர்களுக்கு உகந்த எண். நான்கு என்ற எண்ணின் ஒலி மரணத்தைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டுவதால் அதைத் தவிர்ப்பார்கள். எட்டில் பாதிக்கு மேல் விரதம் இருப்பவரும் உண்ணக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனெனில் விருந்தின் நடுவில் ஒருவர் மட்டும் தயிர்ச் சோற்றுடன் அமர்ந்திருப்பதைப்போல் மனத்தை உறுத்துவது வேறில்லை. எங்கள் பட்டியலில் மீனில்லாத யூ ஷெங், லோ ஹான் ஜாய் என்னும் கலவைக் காய்கறி, இலைக்கோசு, வாழைக்காய் வறுவல், மிளகு வடை ஆகிய ஐந்தும் சைவம். அவித்த மீன், முழுக் கோழி, மீன் தலைக் குழம்பு ஆகிய மூன்றும் அசைவம். ரசமும் சோறும் இனிப்பும் கணக்கில் சேரா. பல வகை உணவு இருக்கும்போது பன்னிரண்டு பேருக்கு ஒரு கிலோ அரிசியே தாராளம்.

யூ ஷெங் என்பது மெல்லிய இழைகளாகச் சீவிய காய்களையும் பச்சை மீன் துண்டுகளையும் ஆல்பக்கோடா சாற்றுடன் சேர்த்து, எல்லோரும் எழுந்து நின்று குச்சிகளால் உயரத் தூக்கிக் கலக்கும் உணவு; அப்படித் தூக்கிக் கலப்பதை லோ ஹெய் என்கிறோம். இன்று நாம் காணும் ஏழு நிற யூ ஷெங்கைச் சிங்கப்பூரில் 1964இல் நான்கு சமையல் வல்லுநர்கள் பரவலாக்கினர் என்பது இங்குள்ளோர் கூறும் வரலாறு. மலேசியர்கள் சிரம்பானுக்கே அந்தப் பெருமை உரியது என்பார்கள், அந்த வாதத்தை மேசையில் தொடங்காமல் இருப்பது நல்லது. முள்ளங்கி, கேரட், வெள்ளரி, ஊறவைத்த இஞ்சி, பம்பளிமாஸ் சுளை ஆகியவற்றைச் சீவி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, பெரிய தட்டில் வட்டமாக அடுக்குங்கள். காய்களில் நீர் நின்றால் சாறு நீர்த்துவிடும். வறுத்துப் பொடித்த நிலக்கடலை, எள், ஐந்து மசாலைத் தூள் ஆகியவை மேலே போகும். விருந்தினரில் யாருக்கேனும் கடலை ஒவ்வாமை இருந்தால் கடலையைச் சேர்க்கவே வேண்டாம், ஏனெனில் இது கலந்த பின்பு பிரிக்க முடியாத உணவு. தங்கத்தைக் குறிக்கப் பொரித்த மாவுத் துண்டுகளைத் தூவுவது வழக்கம். அதன் இடத்தில் நாங்கள் வீட்டு ஓமப்பொடியைத் தூவுகிறோம். நிறமும் பொன்னிறம், மொறுமொறுப்பும் அதே அளவு, ஆகவே பொருள் மாறவில்லை. சால்மன் துண்டுகளை மட்டும் தனித் தட்டில் வைத்துவிட்டு, வேண்டியவர்கள் தங்கள் கிண்ணத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பச்சையாக உண்பதற்கென்று விற்கப்படும் கடல் மீனையே வாங்க வேண்டும். 2015இல் நன்னீர் மீனைப் பச்சையாக உண்டதால் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று பரவியதை அடுத்து, உணவுக் கடைகள் அவ்வகை மீனைப் பச்சையாகப் பரிமாறுவதற்குச் சிங்கப்பூரில் தடை வந்தது. வீட்டிலும் அதே விதியைப் பின்பற்றுங்கள். கர்ப்பிணிகளும் மிக வயதானவர்களும் பச்சை மீனை அறவே தவிர்ப்பது நல்லது.

லோ ஹான் ஜாய்தான் இரு குடும்பமும் சமமாக உரிமை கொண்டாடும் உணவு. காய்ந்த காளான், சோயாத் தோல் குச்சி, மரக்காளான், தங் ஹூன் எனப்படும் கண்ணாடி நூடுல்ஸ், சீன முட்டைக்கோசு ஆகியவை அதில் சேரும். காளானை முந்தைய இரவே குளிர்பதனப் பெட்டியில் நீரில் ஊறப்போட்டு, அந்த நீரையே சூப்பாகப் பயன்படுத்தினால் வேறு சுவையூட்டி தேவைப்படாது. தாளிப்பதற்கு இஞ்சியும் நல்லெண்ணெயும் போதும், பூண்டு வேண்டாம். இங்கு இரண்டு கவனங்கள் தேவை. பலர் இதில் சேர்க்கும் சிவப்பு நிறப் புளித்த சோயாக்கட்டியில் அரிசி மது கலந்திருக்கும். விரதம் இருப்பவருக்குத் தெரியாமல் அதைப் போடாதீர்கள். மேலும், அமாவாசைச் சமையலில் முட்டைக்கோசையும் காளானையும் ஏற்காத வீடுகள் உண்டு. என் தாயாருக்குக் காளானில் தடையில்லை, முட்டைக்கோசு மட்டும் ஆகாது. நாங்கள் அதற்குப் பதிலாக வெண்பூசணியைச் சேர்த்தோம். திருஷ்டிக்கு உடைக்கும் அதே பூசணியைத்தான் சீனர்கள் தோங் குவா என்று சூப்பில் போடுகிறார்கள் என்பதை அறிந்தபோது, இரண்டு பாட்டிமாரும் ஒரே காயின் முன் நின்று வெவ்வேறு மொழிகளில் அதன் மருத்துவக் குணங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தனர்.

இலைக்கோசை வதக்கும்போது நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டு அதன்மீது சிப்பிச் சாறு எனப்படும் ஆய்ஸ்டர் சாஸை ஊற்றிவிட்டேன். பச்சைக் காய்தானே என்று என் அத்தை பாதித் தட்டை உண்ட பிறகு, அது உண்மையான சிப்பியிலிருந்து எடுப்பது என்று என் மகன் பெருமையாக விளக்கினான். அதற்குப் பின் காளானில் செய்த சைவச் சாற்றையே வாங்குகிறோம். இதுபோல் மறைந்திருக்கும் அசைவங்கள் இன்னும் பல: சம்பலில் பெலாச்சான் என்னும் இறால் விழுது, சூப்புத் தூளில் நெத்திலி, கடைப் பலகாரங்களில் பன்றிக் கொழுப்பு, சைவ இறைச்சி என்று விற்பவை சிலவற்றில் முட்டை வெள்ளை. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் சைவத் தட்டில் வைக்காதீர்கள். மீன் இல்லாமல் விரதக்காரர்கள் விருந்தை முடிக்கக் கூடாது என்று சீன உறவினர்கள் வருந்தினால், சோயாத் தோலையும் கடற்பாசித் தாளையும் சுருட்டிச் செய்யும் சைவ மீன் சீன சைவக் கடைகளில் கிடைக்கும். பெயரில் ‘யூ’ இருப்பதால் அவர்கள் மனநிறைவு அடைவார்கள்.

முழு மீனுக்குக் கொடுவாவோ வெள்ளை வாவலோ ஏற்றது. புத்தாண்டு நெருங்க நெருங்க வாவலின் விலை கடுமையாக ஏறும் என்பதால், ஈரச்சந்தையில் வழக்கமான மீன்கடைக்காரரிடம் இரண்டு வாரங்களுக்கு முன்பே சொல்லி வைத்து அன்று காலையில் பெற்றுக்கொள்ளுங்கள். 700 கிராம் எடையுள்ள மீன், நீர் நன்றாகக் கொதித்து ஆவி வந்த பிறகு வைத்தால் ஒன்பது அல்லது பத்து நிமிடங்களில் வெந்துவிடும். வெந்ததும் தட்டில் தேங்கியிருக்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும். கவுச்சி அந்த நீரில்தான் இருக்கிறது. பின்பு இஞ்சி இழையும் வெங்காயத் தாளும் தூவி, புகையும் எண்ணெயை மேலே ஊற்றி, சோயாச் சாற்றை ஓரத்தில் விடுங்கள். மேல்பக்கம் தீர்ந்தால் மீனைத் திருப்பிப் போடாதீர்கள். அது படகு கவிழ்வதற்கு ஒப்பு என்பார்கள். நடு முள்ளை எடுத்துவிட்டு அடிப்பக்கத்தை உண்ணலாம்.

மீன் தலைக் குழம்பு மட்டும் பாத்திரத்திலேயே கலந்த உணவு. அதை நாங்கள் கலக்கவில்லை, இந்த ஊர் எப்போதோ கலந்துவிட்டது. கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமஸ் என்பவர் 1949இல் சீன வாடிக்கையாளர்களுக்கு மீன் தலை பிடிக்கும் என்பதைக் கண்டு அதைக் குழம்பில் போட்டுக் கொடுத்தார் என்று பரவலாகக் கூறுகிறார்கள். சந்தையில் அங்கோலி எனப்படும் சிவப்பு மீனின் தலை ஒரு கிலோ இருந்தால் அசைவம் உண்பவர்களுக்குப் போதும். மஞ்சளும் உப்பும் தடவி வைத்து, புளிக்குழம்பு நன்கு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகே தலையை இறக்கி, வெண்டைக்காயும் கத்தரிக்காயும் சேர்த்து, பதினைந்து நிமிடங்களில் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

முழுக் கோழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இஞ்சி போட்ட நீரில் மெல்லிய தீயில் வேகவைத்து, தொடையில் குத்தினால் தெளிந்த நீர் வரும்வரை பொறுத்து, இஞ்சி விழுதுடன் வையுங்கள். இதை மாமியாரிடம் விட்டுவிடுவதே மரியாதை.

இனிப்புக்குக் கவுனி அரிசி. செட்டிநாட்டுத் திருமணங்களில் பரிமாறும் இந்தக் கறுப்பு ஒட்டரிசியைப் பர்மாவுக்குத் தொழில் செய்யச் சென்ற நகரத்தார் கொண்டுவந்தனர் என்பர்; இங்கோ அதே வகை அரிசி புலுட் ஹித்தாம் என்ற பெயரில் தேங்காய்ப்பாலுடன் எல்லா இனத்தாரும் உண்ணும் இனிப்பு. 400 கிராம் அரிசியை இரவு முழுவதும் ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்த் துருவல், சிறிது நெய் சேர்த்தால் இரு தரப்பும் தங்கள் வீட்டு இனிப்பு என்றே எண்ணுவார்கள். கடையில் வாங்கிய நியென் காவ் என்னும் சீன ஒட்டரிசிப் பலகாரம் இருந்தால், அதை ஆவியில் இளக்கி உப்பிட்ட தேங்காய்த் துருவலில் புரட்டி எடுங்கள். பூரணம் வெளியே வந்துவிட்ட கொழுக்கட்டை என்று என் தாயார் அதைச் சொல்வது வழக்கம்.

அடுப்பு வேலை

எங்கள் அடுப்பில் இரண்டு பர்னர்கள்தான். ஆகவே சைவத்தை முதலிலும் அசைவத்தைப் பின்னரும் சமைப்பது ஆசாரத்துக்காக மட்டுமன்றி வசதிக்காகவும் தேவை. உணவு அன்று இரவு ஏழு மணிக்கு என்றால், பகல் ஒரு மணிக்கு உளுந்தை ஊறப்போடுங்கள். 250 கிராம் உளுந்துக்குப் பதினைந்து வடைகளுக்குக் குறையாமல் வரும். மூன்று மணிக்குள் கவுனி அரிசியும் வாழைக்காயும் முடிய வேண்டும். அடுத்து லோ ஹான் ஜாய்; அது ஆறினாலும் சுவை குறையாது. நான்கரைக்குச் சைவக் கரண்டிகளையும் வாணலியையும் கழுவி ஒதுக்கிவிட்டு, ஒரு பக்கம் கோழி, மறுபக்கம் குழம்பு. ஆறேகால் மணிக்கு வடை. அந்த எண்ணெயில் வேறெதையும் பொரிக்காதீர்கள். இலைக்கோசு வதக்க மூன்று நிமிடங்கள்தான். எல்லோரும் அமர்ந்து லோ ஹெய் தொடங்கும்போது மீன் ஆவியில் ஏற வேண்டும்.

அமாவாசை அன்றைக்கே வந்தால் படையல் நண்பகலில் முடிந்துவிடும் என்பதால், வடையும் வாழைக்காயும் காலையிலேயே ஒரு சிறு பங்கு செய்ய நேரும். சீனக் குடும்பங்களும் அன்று பிற்பகலில் முன்னோருக்கு உணவு படைப்பதுண்டு. என் மைத்துனர் வீட்டில் முன்னோர் பீடம் இருப்பதால் கோழி முதலில் அங்கு போய்விட்டுத்தான் எங்கள் மேசைக்கு வரும். இரண்டு படையல்களையும் ஒரே இடத்தில் வைக்க முயலாதீர்கள். காகத்துக்குச் சோறு வைக்கும் வழக்கம் உள்ளவர்கள், சிங்கப்பூரில் 2020 முதல் நடப்பிலுள்ள சட்டத்தின்படி காட்டுப் பறவைகளுக்கு உணவிடுவது குற்றம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். என் தாயார் அந்தப் பிடியைப் படத்தின் முன்பு வைத்துவிட்டுத் தானே உண்டுவிடுகிறார்.

மேசையில்

உணவைவிட எச்சில்தான் பெரிய சிக்கல். தான் உண்ணும் குச்சியாலேயே பொதுத் தட்டிலிருந்து மற்றவருக்கு எடுத்து வைப்பதைச் சீனப் பெரியவர்கள் அன்பாகக் கருதுவார்கள். நம் பாட்டிமாருக்கோ அந்தத் தட்டே அதன்பின் ஆகாது. இதைச் சொல்லிப் புண்படுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு தட்டிலும் நீளமான கரண்டி ஒன்றை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். பரிமாறுவதற்குத் தனிக் குச்சி வைப்பது சீனர்களுக்கும் தெரிந்த பழக்கமே. சைவத் தட்டுகளை மேசையின் ஒரு முனையில் சேர்த்து வைத்து, அவற்றின் கரண்டிப் பிடியில் சிவப்பு நூல் கட்டுங்கள். சிவப்பு என்பதால் அது அலங்காரமாகவே தோன்றும். யூ ஷெங்கில் மட்டும் எல்லோரும் குச்சி போடுவார்கள் என்பதால், உண்ணாத புதுக் குச்சிகளால் அதையே முதல் உணவாக வைத்துக்கொள்ள வேண்டும். விரதக்காரருக்கு வாழையிலை போடுவதாக இருந்தால் மேசை நடுவில் வைக்கும் சுழல்தட்டை எடுத்துவிடுங்கள்; இரண்டுக்கும் இடம் போதாது. சோற்றில் குச்சியைச் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது, அது இறந்தவருக்கு ஊதுபத்தி ஏற்றியதுபோல் ஆகும் என்பதைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும், இடக்கையால் பரிமாறக் கூடாது என்பதைச் சீனப் பிள்ளைகளுக்கும் முன்பே சொல்லி வையுங்கள்.

உண்ணத் தொடங்குவதற்கு முன்பு சிறியவர்கள் பெரியவர்களை ஒவ்வொருவராக அழைக்க வேண்டும் என்பது சீன வழக்கம். எங்கள் பிள்ளைகள் “போ போ, சிக் ஃபான்” என்று அம்மாவின் தாயையும், “பாட்டி, சாப்பிடுங்க” என்று அப்பாவின் தாயையும் அழைத்த பிறகே கையை வைப்பார்கள். இதற்கு இரண்டு நிமிடங்கள் ஆகும். மீன் அந்த நேரத்தில் வெந்து முடியும்.

மீனில் கொஞ்சம் மிச்சம் வைப்பது வழக்கம். மிகுதி அடுத்த ஆண்டுக்கும் செல்ல வேண்டுமாம். அதை வெளியில் விடாமல் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். குழம்பையும் அப்படியே. புத்தாண்டின் முதல் நாளில் கத்தி எடுக்கவோ வீட்டைக் கூட்டவோ மாட்டார்கள் என்பதால், மறுநாள் அமாவாசையாக இருந்தால் அதற்கு வேண்டிய பூசணியையும் வாழைக்காயையும் இரவே நறுக்கி, வாழைக்காயை நீரில் போட்டு மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போங்கள்.